கூன்பாறையில் ஒரு வளைவு

பத்து போங்கோக் அடிவாரம்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.
12 நவம்பர் 2024

அண்ணே,

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறாதே. அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். இன்று காலைகூட ரொட்டி சானாய் வேண்டாம், தோசைதான் வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நின்றார். வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்தது நான்தான். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்வாய். கடிதத்தில் அந்தச் சாக்கு செல்லாது.

நேற்று ஷிஃப்ட் முடிந்ததும் பிறை ஃபேக்டரியிலிருந்து பாலம் தாண்டி நேராகத் திட்டமிடல் இலாகாவுக்குப் போனேன். நம் பகுதிக்கான உள்ளூர்த் திட்டம் கெசட்டில் ஏறிவிட்டது, இனி அதுதான் சட்டம் என்று பத்திரிகையில் பார்த்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கவுண்டரில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று வழியில் ஜிலேபி வேறு வாங்கிக்கொண்டேன். உன் தங்கச்சி எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு இந்த ஜிலேபி ஒன்றே போதும்.

வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். நாம் கூன்பாறை என்று சொல்லும் பத்து போங்கோக்கின் உச்சி பச்சையாக இருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய பச்சைக் கோடு வால் மாதிரி கீழே இறங்கி வந்தது. மற்ற சரிவெல்லாம் பழுப்பு. பழுப்பு என்றால் வீடமைப்பு என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். மக்கள் பார்வைக்கு வைத்த வரைவில் மலை முழுக்கப் பச்சையாக இருந்ததே என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த ரோஹானா என்ற பெண், அது வரைவு, இதுதான் இறுதி என்றாள்.

சரி, மேம்பாட்டாளர் விண்ணப்பம் போடட்டும், பக்கத்து நிலக்காரர்கள் என்ற முறையில் முன்பு போல எங்களைக் கூப்பிட்டுக் கேட்பீர்கள் அல்லவா என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இனிமேல் இல்லை, காக். உள்ளூர்த் திட்டம் கெசட் ஆகாத இடத்தில்தான் பக்கத்து நிலக்காரர்களைக் கேட்க வேண்டும். திட்டம் வந்தாயிற்று என்றால் திட்டத்தில் உள்ளபடிதான்" என்று அந்த மலாய்க்காரப் பெண், சொந்த அக்காவிடம் சொல்வது போலத் தணிந்த குரலில் சொன்னாள். ஜிலேபியைக் கொடுக்காமலே வந்துவிட்டேன்.

இதற்கு முன் இரண்டு முறை அந்தச் சரிவில் அடுக்குமாடி கட்ட விண்ணப்பம் வந்தது. இரண்டு முறையும் நாங்கள் விசாரணையில் போய் உட்கார்ந்து, மண்சரிவையும் ஓடையையும் காட்டி நிறுத்தினோம். போன பெரிய வெள்ளிக்கு வந்தபோது நீதான் சொன்னாய்: "ஒவ்வொரு தடவையும் ஓடிக்கிட்டே இருப்பியா? கெசட் ஆயிட்டா மல பச்சன்னு சட்டமே சொல்லிரும். சீக்கிரம் கெசட் பண்ணுங்கன்னு எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்கு." குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் என்று வீடு வீடாகப் படியேறினேன். கார்த்திகேசு அங்கிள் மட்டும் மசியவில்லை. "ரெண்டு தடவ நம்மளக் கூப்ட்டுக் கேட்டாங்க, ரெண்டு தடவையும் நிறுத்துனோம். நமக்குன்னு அங்க ஒரு நாக்காலி இருக்கு. அத ஏன்மா நம்மளே திருப்பிக் குடுக்கணும்?" என்றார். என் அண்ணன் டவுன் பிளானர், அவருக்குத் தெரியாததா என்று சொல்லி அவர் கையிலும் பேனாவைத் திணித்தேன்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். இது உனக்கு முன்பே தெரியுமா, தெரியாதா?

தங்கச்சி,
பெவர்லி

---

ஷா ஆலாம்,
21 நவம்பர் 2024

அன்புள்ள பெவர்லிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா நலம் என்று அறிந்து நிம்மதி. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்த விடாதே.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். அது இயல்புதான். ஆனால் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். திட்டம் கெசட் ஆனால் பக்கத்து நிலக்காரர்களைக் கேட்கும் கட்டாயம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் மலை முழுக்கப் பச்சையாக இருக்கும்போது அந்த விசாரணை எதற்கு என்பதுதான் என் கணக்காக இருந்தது. ஒவ்வொரு முறையும் நாற்காலியில் போய் உட்கார்ந்து கெஞ்சுவதைவிடச் சட்டத்தின் பச்சை நிறம் பலமானது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வரைவுக்கும் இறுதி வரைபடத்துக்கும் இடையில் மாற்றங்கள் வருவது வழக்கம். ஆட்சேபங்களைக் கேட்ட பிறகு குழு திருத்தம் செய்யலாம். இந்தத் திருத்தம் ஏன் வந்தது என்று எனக்கும் புரியவில்லை. உன்னைப் போலவே நானும் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பழுப்பு என்றதும் நாளைக்கே புல்டோசர் வந்துவிடாது. சரிவான நிலத்துக்குத் தனி விதிமுறைகள் உண்டு. வடிகால் அறிக்கை, மண் அறிக்கை என்று நிறைய படிகள் இருக்கின்றன. அதுவரை நீ கூட்டம் கூட்டுவது, பத்திரிகைக்குப் பேசுவது போன்றவற்றைத் தள்ளிப்போடு. உனக்காகத்தான் சொல்கிறேன்.

என் நம்பரைத் திறந்துவிடு. பேசினால் பத்து நிமிடத்தில் தீர்கிற விஷயம் இது.

அன்புடன்,
ரேமண்ட்

---

ஆயர் ஈத்தாம்,
3 டிசம்பர் 2024

அண்ணே,

பத்து நிமிடத்தில் தீர்கிற விஷயமா? நல்லது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது.

பூசை முடிந்து சிற்றாலயத்துக்குப் பின்னால் கூட்டம் போட்டோம். நீ தள்ளிப்போடச் சொன்ன அதே கூட்டம்தான். இலாகாவில் வாங்கி வந்த இறுதி வரைபடத்தின் நகலை ஒட்டிவிட்டு ரோஹானா சொன்னதை அப்படியே சொன்னேன். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கார்த்திகேசு அங்கிள் மாக் மண்டினில் இருக்கும் தன் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்து கடைசி வரிசையில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "பெவர்லி, எங்கண்ணன் பிளானரு, அவருக்கு நல்லாத் தெரியும்னு சொன்னல்ல. நல்லாத்தான்லா தெரிஞ்சிருக்கு" என்றார். அதோடு கைலேஞ்சியால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அப்போதும் உனக்காகப் பேசினேன், தெரியுமா? அண்ணனுக்கும் இது அதிர்ச்சிதான், அவரும் இப்போதுதான் கேள்விப்படுகிறார் என்று உன் வார்த்தையை அப்படியே ஒப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த நகலைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். பழுப்புக்கு நடுவே இறங்கி வரும் அந்தப் பச்சை வால் எதற்கு என்று முதலில் புரியவில்லை. ஓடையா என்றால் ஓடை கிழக்கே இருக்கிறது. ரிசர்வ் நிலமா என்றால் அப்படி ஒன்று அங்கே கிடையாது. விரலை வைத்து நம் வீட்டுப் பின்வேலியிலிருந்து மேலே போனேன். இரட்டைப் பாறை, மூங்கில் புதர், தண்ணீர்க் குழாய். பிறகு உச்சி. அது நம் சிலுவைப்பாதை, அண்ணே. பெரிய வெள்ளியன்று நாம் பதினான்கு மரச் சிலுவைகளை நட்டு, ஸ்தலம் ஸ்தலமாக நின்று செபித்து ஏறுகிற அதே பாதை.

அந்தப் பாதை எந்த வரைபடத்தில் இருக்கிறது? நிலம் நம்முடையது இல்லை என்பதால் அன்று மாலையே சிலுவைகளைப் பிடுங்கி வந்து நம் வீட்டு ஸ்டோரில் வைத்துவிடுகிறோம். மறுநாள் போய்ப் பார்த்தால் அங்கே வெறும் புல்தான் இருக்கும்.

அதுகூடப் போகட்டும், கோயிலுக்கு வருகிறவர்களில் யாரோ சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்பதாம் ஸ்தலத்துக்கு மேலே அந்தக் கோடு இடதுபுறம் வளைந்து, ஒரு டுரியான் மரத்தைச் சுற்றி, மறுபடி நேராகிறது. அம்மா அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்த வருஷம், இனி யாரும் விழக் கூடாது என்று நீயும் நானும் ஆளுக்கொரு பாராங் கத்தி எடுத்துக்கொண்டு போய் வெட்டிய வளைவு அது. பெரிய வெள்ளி ஒரு நாளைத் தவிர அதில் யாரும் நடப்பதில்லை. இந்தக் கோட்டைப் போட்டது அங்கே பாராங் பிடித்த கை.

எனக்கு வேர்த்துவிட்டது. அம்மா வந்து "என்னாடி, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இப்போது சொல். போன பெரிய வெள்ளிக்கு நீ வந்து பன்னிரண்டாம் சிலுவையைத் தோளில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாயே, அப்போது இந்தக் கோடு வரைந்தாகிவிட்டதா?

பெவர்லி

---

ஷா ஆலாம்,
15 டிசம்பர் 2024

பெவ்,

ஆகிவிட்டது.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று தாள் கிழித்துப் போட்டேன். உன்னிடம் பொய் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே அது நடந்ததில்லை.

திட்டத்தின் திருத்த வேலை எங்கள் கம்பெனிக்குத்தான் வந்தது. ஆட்சேப விசாரணையெல்லாம் முடிந்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, நில உரிமையாளர் தரப்பு கூன்பாறை முழுவதையும் வீடமைப்பாக மாற்றக் கேட்டது. உச்சிப் பாறை உட்பட. பாறையைச் சுற்றி ஒரு நட்சத்திர ஹோட்டல், அதற்குக் கீழே அடுக்குமாடிகள். என் முதலாளி சரி என்று தலையாட்டிவிட்டு ஃபைலை என் மேசையில் வைத்தார். நான் முடியாது என்று சொல்லியிருந்தால் பக்கத்து மேசையில் இருப்பவன் செய்திருப்பான். அவனுக்கு அந்த மலை வெறும் உயரக் கோடுகள்.

நான் இரண்டு வாரம் போராடினேன். உச்சியைக் காப்பாற்றினேன். பாதையைக் காப்பாற்றினேன். பசுமைத் தடம் என்று ஒரு பெயர் கொடுத்து, வனவிலங்கு நடமாட்டம் என்றெல்லாம் எழுதி, அந்த வாலை உள்ளே நுழைத்தேன். வளைவு வரைக்கும் போட்டேன். அதைப் போடும்போது அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அது என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவே இல்லை.

கையெழுத்து வாங்கச் சொன்னதற்கும் காரணம் அதுதான். கெசட் ஆகாமல் இழுத்துக்கொண்டே போனால் இன்னொரு திருத்தம் வரும், அதில் வாலும் போய்விடும், பாறையும் போய்விடும். அந்தப் பயத்தில்தான் உன்னை அவசரப்படுத்தினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருப்பாயா? ஒரு அடிகூட விடமாட்டேன் என்று நின்றிருப்பாய். நின்று எல்லாவற்றையும் இழந்திருப்பாய்.

நான் உன்னை ஏமாற்றவில்லை, பெவ். பாதியையாவது காப்பாற்றினேன். நீ அதை இன்று ஒத்துக்கொள்ள மாட்டாய். ஒரு நாள் நீயே சொல்வாய்.

கிறிஸ்துமஸுக்கு வரலாமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

ரேமண்ட்

---

ஆயர் ஈத்தாம்,
29 டிசம்பர் 2024

அண்ணே,

நீ வராததும் நல்லதுதான். அம்மா உனக்காக எடுத்து வைத்த தேவல் கோழிக்கறியைப் பக்கத்து வீட்டுப் பூனை தின்றது.

பாதியைக் காப்பாற்றினாயாம். யாருடைய பாதியை, யாரிடம் கேட்டு? அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒரு சந்து மாதிரி பாதையை விட்டுவிட்டால் போதுமா? மழை பெய்தால் மண் எந்தப் பக்கம் இறங்கும்? கார்த்திகேசு அங்கிள் வீட்டுப் பின்சுவர் அந்தப் பழுப்புக்கு நேர் கீழே இருக்கிறது. அவர் கோயிலுக்கு வருகிறவர் இல்லை. சிலுவைப்பாதை மிஞ்சினால் அவருக்கு என்ன?

நீ திருடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நீ என்னை வைத்துத் திருடினாய். அவர்கள் உன்னை நம்பிக் கையெழுத்துப் போடவில்லை, என் முகத்துக்காகப் போட்டார்கள். இப்போது காலையில் மோட்டாரை எடுக்கும்போது எதிர்வீட்டு மோகனா அக்கா கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். பதினெட்டு வருஷமாக என் தலைக்கவசத்தைச் சரிசெய்துவிட்டு "பாத்து போமா" என்று சொன்னவர். இந்தத் தெருவில் எனக்கு இருந்த ஒரே சொத்து என் வார்த்தை. அதை எனக்குத் திருப்பிக் கொடு.

எப்படி என்று சொல்கிறேன், கேள். டத்தோ கிராமாட்டில் இருக்கும் வழக்கறிஞர் ரமணியைப் பார்த்தேன். ஒரு வழி இருக்கிறது என்கிறார். மக்கள் பார்த்து ஆட்சேபம் சொன்னது ஒரு வரைபடம், சட்டமானது வேறொரு வரைபடம். இவ்வளவு பெரிய மாற்றத்தை விசாரணை முடிந்த பிறகு செய்துவிட்டு மறுபடி மக்கள் பார்வைக்கு வைக்காதது செல்லுமா என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். கெசட்டிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஜனவரிக் கடைசிக்குள் மனுப் போட்டாக வேண்டும்.

ஆனால் மாற்றம் எப்போது நடந்தது, யார் கேட்டு நடந்தது என்று உள்ளே இருந்த ஒருவர் சத்தியப்பிரமாணம் செய்து சொல்ல வேண்டும். "அந்த ஒரு ஆள் கெடச்சா கேஸ் நிக்கும். கெடைக்கலனா மொத நாளே தள்ளிருவாங்க" என்றார் ரமணி.

அந்த ஆள் நீதான். உன் வேலை போகலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

பெவர்லி

---

ஷா ஆலாம்,
8 ஜனவரி 2025

அன்பான பெவ்,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலுவலகம் போனேன்.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி அடுத்த திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு ஊர், இன்னொரு மலை. "அந்த பினாங்கு வேலையில் செய்த மாதிரி ஒரு பசுமைத் தடம் போட்டுவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்" என்று சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். நான் போராடிக் காப்பாற்றியதாக உனக்கு எழுதியதை அவர் ஒரு உத்தியாகக் கற்றுக்கொண்டுவிட்டார். சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்தேன்.

ரமணியிடம் சொல். நான் வருகிறேன். விசாரணைக்குப் பிறகுதான் மாற்றம் நடந்தது என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுகிறேன். 20ஆம் தேதி திங்கட்கிழமை காலை அவர் அலுவலகத்தில் இருப்பேன். ஞாயிறு சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டாம்.

உன் அண்ணன்,
ரேமண்ட்

---

ஆயர் ஈத்தாம்,
13 ஜனவரி 2025

என் அண்ணே,

உன் கடிதத்தை ஃபேக்டரி கேன்டீனில் வைத்துப் படித்து அழுதுவிட்டேன். கூட வேலை பார்க்கும் ஷாஹிரா, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்தாள். யாரும் சாகவில்லை, என் அண்ணன் பிழைத்துவிட்டான் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. நீ வருகிறாய் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கே ஈக்கான் பிலிஸ் கருவாடு வாங்கி வெயிலில் போட்டுவிட்டார், சம்பல் செய்ய. உன் அறையில் புது விரிப்புப் போட்டாயிற்று. உன்மேல் இருந்த கோபத்தில் நான் உன் தலையணையை எடுத்து ஸ்டோரில் போட்டிருந்தேன். அதையும் வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்துவிட்டேன்.

கார்த்திகேசு அங்கிளிடம் போய்ச் சொன்னேன். "அங்கிள், எங்கண்ணன் வர்றாரு. கோர்ட்டுல உண்மையச் சொல்லப் போறாரு" என்றேன். "நெசமாவா?" என்றார். "நெசம்தான், எழுதிக் குடுத்திருக்காரு" என்றேன். "அப்ப நல்ல மனுசன்தான்லா. நாந்தான் தப்பாப் பேசிட்டேன். வந்தார்னா பட்டறப் பக்கம் ஒரு நட கூட்டியாமா, கையக் குடுத்துட்டுப் போறேன்" என்றார். மோகனா அக்கா நேற்று கேட்டைச் சாத்தவில்லை.

பஸ் எடுக்காதே, காரிலேயே வா; பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை நெரிசல் இருக்கும், மூன்று மணிக்கு முன்பே தாண்டிவிடு. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுதத்தான் பிடித்தது.

தங்கச்சி,
பெவர்லி

---

ஷா ஆலாம்,
16 ஜனவரி 2025

பெவர்லி,

போனில் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை வர இயலாது. கம்பெனி வழக்கறிஞர் என்னிடம் பேசினார். சில விஷயங்கள் நான் நினைத்ததைவிடச் சிக்கலாக இருக்கின்றன. கையெழுத்துப் போட்ட வரைபடத்துக்கு நானே தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்கிறார்கள். கொஞ்சம் அவகாசம் கொடு. என்னை நம்பி மனுவை மட்டும் போட்டுவிடச் சொல். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் வேலை என்று சொல்லிவிடு.

ரே

---

ஆயர் ஈத்தாம்,
20 ஏப்ரல் 2025, பாஸ்கா ஞாயிறு

திரு. ரேமண்ட் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடியே உங்களை நம்பி மனுப் போட்டோம். மனுவில் தெருவே கையெழுத்திட்டது. இந்த முறையும் நான்தான் வீடு வீடாகப் போனேன். அவகாசம் கேட்டிருக்கிறார், வந்துவிடுவார் என்று சொன்னேன்.

நீங்கள் வந்தீர்கள். எதிர்த்தரப்பிலிருந்து, ஒரு தாளாக வந்தீர்கள்.

உங்கள் சத்தியப்பிரமாணத்தை ரமணி எங்களுக்கு நீதிமன்றத் தாழ்வாரத்தில் வைத்துப் படித்துக் காட்டினார். நீங்களே நேரில் வரவில்லை, அதனால் எங்கள் முகங்களை நீங்கள் பார்க்கவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குச் சான்றாக, போன வருஷம் நான் வாங்கித் தந்த அந்தக் கையெழுத்துகளைப் பின்னால் இணைத்திருந்தீர்கள். "அப்பகுதி மக்கள் தங்கள் சங்கச் செயலாளர் வழியாக இத்திட்டத்தை விரைவில் கெசட் செய்யுமாறு மனமுவந்து கேட்டுக்கொண்டனர்." இந்த வரியை ரமணி படித்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கார்த்திகேசு அங்கிள் மட்டும் பார்க்கவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

சங்கச் செயலாளர். என் பெயரைக்கூட நீங்கள் போடவில்லை. தங்கச்சி என்று போடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, பெயராவது போட்டிருக்கலாம்.

நீங்களே கேட்டுவிட்டு இப்போது எதிர்க்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். உங்கள் கடிதங்களைக் காட்டியும், சத்தியம் செய்யாத தாள் செல்லாது என்றுவிட்டார்கள், வழக்கு அங்கேயே முடிந்தது. இப்போது எனக்குப் புரிகிறது, அந்தக் கையெழுத்துகள் எதற்கு என்று. பாதையைக் காப்பாற்ற இல்லை. என்றைக்காவது நாங்கள் வாயைத் திறந்தால் அடைப்பதற்கு. அது உங்களுக்கு அப்போதே தெரியுமா, அல்லது பிறகு பயத்தில் பயன்படுத்திக்கொண்டீர்களா என்று நான் இந்த முறை கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

பெரிய வெள்ளி பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வழக்கம் போல லீவு போட்டுவிட்டு எல்லாரும் வந்தார்கள். சரிவில் மரங்களை வெட்டிவிட்டார்கள், இருபக்கமும் செம்மண். நடுவில் உங்கள் பச்சை வால் மட்டும் புல்லும் பூவுமாகக் கம்பி வேலிக்குள் இருக்கிறது. மேம்பாட்டாளரின் விளம்பரப் பலகையில் அதற்கு ஆன்மிக நடைபாதை என்று பெயர். அடுக்குமாடி வாங்குகிறவர்களுக்கு அது ஒரு வசதியாம்.

ஸ்டோரைத் திறந்து சிலுவைகளை எடுத்தோம். போன வருஷம் நீங்கள் தூக்கிய பன்னிரண்டாவது மட்டும் ஸ்டோரில் மிஞ்சி நின்றது. அப்போது கார்த்திகேசு அங்கிள் வந்தார். நெற்றியில் திருநீற்றோடு, பட்டறையைச் சாத்திவிட்டு. "எனக்கு செபமெல்லாம் தெரியாதுமா. பாரம் தூக்கத் தெரியும். குடு" என்றார்.

நாங்கள் உங்கள் பாதையில் ஏறவில்லை. வேலிக்கு வெளியே, செம்மண்ணில், நீங்கள் பழுப்பு அடித்த இடத்தில் ஏறினோம். காவலுக்கு நின்ற ஹைக்கல் என்ற பையன் ஓடிவந்து, "காக், பாதை அந்தப் பக்கம்தானே?" என்றான். அது எங்கள் பாதை இல்லை, தம்பி என்றேன். அவன் சிலுவைகளைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றான்.

வளைவையும் விட்டுவிட்டோம். ஒன்பதாம் ஸ்தலத்துக்கு மேலே அம்மா வழுக்கிய இடத்திலேயே நேராக ஏறினோம். மோகனா அக்கா விழுந்தார், நான் தூக்கிவிட்டேன். பிறகு நான் விழுந்தேன், அவர் தூக்கிவிட்டார். பதினான்கு சிலுவைகளையும் பழுப்பில் நட்டோம். சாயந்திரம் பிடுங்கவில்லை. முதல் தடவையாக அப்படியே விட்டுவிட்டு இறங்கினோம். அவர்கள் வேண்டுமானால் பிடுங்கிக்கொள்ளட்டும், ஒவ்வொன்றாக, எல்லாரும் பார்க்க. இன்று வரைக்கும் ஒருவரும் கை வைக்கவில்லை.

நம் வீட்டுப் பின்கதவிலிருந்து பார்த்தால் பன்னிரண்டாவது தெரிகிறது. இன்று காலை அம்மா தேத்தண்ணியோடு அங்கே நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா நேரா நட்டுருக்கான். ரேமண்டு வந்தானா?" என்று கேட்டார்.

இல்லம்மா, அது கார்த்திகேசு அங்கிள் நட்டது என்றேன்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்